மருந்தே வேணாம், ஜெபம் மட்டும் போதும்னு சொல்ற பெண்கள் மீட்பு இல்லத்துக்கு தங்கச்சிய அனுப்பலாமா?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதியிருக்காங்க, நான் சுருக்கி படிக்கிறேன். ஒரு அக்கா கேக்குறாங்க. "என் தங்கச்சிக்கு 34 வயசு, ரெண்டு பிள்ளைங்க. நாலஞ்சு வருஷமா வீட்டுக்குள்ளயே யாருக்கும் தெரியாம குடிக்கிறா, இப்போ தூக்க மாத்திரையும் சேர்ந்துடுச்சு. எங்க ஜெபக் கூட்டத்துல ஒருத்தவங்க, பெண்களுக்குன்னே ஒரு மீட்பு இல்லம் இருக்கு, அங்க மருந்து மாத்திரை எதுவும் கிடையாது, ஜெபமும் வேத வாசிப்பும்தான், 8 மாசம் உள்ளயே தங்கணும், விடுதலை நிச்சயம்னு சொல்றாங்க. அவ புருஷன் இதான் கடைசி வாய்ப்புன்னு சொல்லிட்டார். அனுப்பலாமா?"

அக்கா, அனுப்பலாம். ஆனா வீட்டுலருந்து நேரா அங்க அனுப்பாதீங்க. நடுவுல ஒரு ஆஸ்பத்திரி வரணும். இது நான் நம்பிக்கைக்கு எதிரா பேசறது இல்ல, நீங்க ஆசிரமம்னு கேட்டிருந்தாலும், பள்ளிவாசல் நடத்துற மையம்னு கேட்டிருந்தாலும் இதேதான் சொல்லியிருப்பேன்.

ஏன்னா குடிய திடீர்னு நிறுத்தறது உடம்புக்கு சாதாரண விஷயம் கிடையாது. வருஷக் கணக்கா தினமும் குடிச்ச உடம்பு, கடைசி கிளாஸுக்கப்புறம் ஆறு எட்டு மணி நேரத்துலயே நடுங்க ஆரம்பிக்கும், வேர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். ரெண்டாவது நாள்லருந்து நாலாவது நாளுக்குள்ள சில பேருக்கு டெலிரியம்னு ஒரு நிலை வரும், எங்க இருக்கோம்னே தெரியாது, செவுத்துல பூச்சி ஊர்றது தெரியும், யாரோ கூப்பிடுற சத்தம் கேக்கும், காய்ச்சல் ஏறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். வைத்தியம் பாக்கலன்னா இதுல உயிரே போகும். எல்லாருக்கும் வராது, ஆனா யாருக்கு வரும்னு முன்கூட்டி உறுதியா சொல்ல முடியாது.

இப்ப இத ஒரு ஜெப இல்லத்துல வச்சு யோசிச்சு பாருங்க. மூணாவது நாள் ராத்திரி, ஒரு பொண்ணு எந்திரிச்சு உக்காந்து புடவைல இல்லாத பூச்சிய தட்டி விட்டுட்டு இருக்கா, கண்ணு மேல சொருகுது, சம்பந்தமில்லாம கத்துறா. அங்க இருக்கிற அம்மா நல்லவங்கதான், ஆனா அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பிசாசு போராடுதுன்னு நினைச்சு நாலு பேர கூப்பிட்டு தலைல கை வச்சு சத்தமா ஜெபம் பண்ணுவாங்க, கைய கால அமுக்கி பிடிப்பாங்க. ஜெபம் பண்ணட்டும், தப்பில்ல, ஆனா அந்த நேரத்துல அந்தப் பொண்ணு ஆம்புலன்ஸ்ல இருக்கணும், சலைன் ஏறிட்டு இருக்கணும், பி1 வைட்டமின் ஊசி போட்டிருக்கணும். அந்த வைட்டமின் குறைஞ்சா மூளை நிரந்தரமா பாதிக்கும், ஞாபக சக்தியே போயிடும், அதனாலதான் குடி நிறுத்த வர்றவங்களுக்கு டாக்டருங்க அத முதல்லயே குடுக்குறாங்க.

உங்க தங்கச்சி விஷயத்துல தூக்க மாத்திரை வேற இருக்கு. அது எனக்கு குடிய விட அதிக பயமா இருக்கு. என்ன மாத்திரைன்னு நீங்க எழுதல, ஆனா நிறைய தூக்க மாத்திரை, பதட்டத்துக்கு குடுக்குற மாத்திரை எல்லாம் சட்டுனு நிறுத்தினா அதுக்கும் ஃபிட்ஸ் வரும், சிலதுக்கு ஒரு வாரம் கழிச்சு கூட வரும், எல்லாம் சரியாயிடுச்சுன்னு நீங்க நினைக்கிற நேரத்துல வரும். அத டாக்டர் வாரக் கணக்குல, சில பேருக்கு மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். அப்ப "மருந்து எதுவும் கிடையாது"ன்னு சொல்ற இல்லத்துல அந்தக் குறைக்கிற மாத்திரைய யார் குடுப்பாங்க?

இதக் கேட்டா சில பேர், அப்ப உங்களுக்கு கடவுள் மேல நம்பிக்கை இல்லையான்னு கேப்பாங்க. அவங்களுக்கு ஒரு வரலாறு சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச வரலாறு. ஏஏ, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கேள்விப்பட்டிருப்பீங்க, குடிய விட நினைக்கறவங்க ஒண்ணா கூடி ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிற அமைப்பு. 1935-ல அமெரிக்கால, ஒஹாயோ மாநிலம் ஆக்ரன் ஊர்ல, பில் வில்சன்னு ஒரு பங்குச் சந்தைக்காரரும் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜனும் சேர்ந்து ஆரம்பிச்சது, ரெண்டு பேருமே குடிக்கு அடிமையா இருந்தவங்க. ஆக்ஸ்ஃபோர்டு குரூப்னு ஒரு கிறிஸ்தவ இயக்கத்துலருந்துதான் அவங்களுக்கு இந்த யோசனையோட வேரே வந்துச்சு. அந்த ஊர்ல செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரில அட்மிஷன் பாத்துக்கிட்டவங்க சிஸ்டர் இக்னேஷியான்னு ஒரு கன்னியாஸ்திரி. அந்தக் காலத்துல குடிகாரங்கன்னா நிறைய ஆஸ்பத்திரில பெட் குடுக்க மாட்டாங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா, 1939-ல டாக்டர் பாப் கூட்டிட்டு வந்த ஒரு ஆளுக்கு குடின்னு எழுதாம வயித்துல அழற்சின்னு எழுதி சேர்த்துட்டாங்க, பூ அடுக்குற ஒரு சின்ன ரூமுக்குள்ள கட்டில தள்ளிட்டு போய் போட்டாங்க. அப்புறம் அந்த வார்டுலருந்து குணமாகி போறவங்க ஒவ்வொருத்தர் கைலயும் இயேசுவோட திரு இருதய படம் போட்ட ஒரு பேட்ஜ் குடுப்பாங்க, மறுபடி குடிக்கணும்னு தோணுச்சுன்னா குடிக்கறதுக்கு முன்னாடி இத என் கைல திருப்பி குடுத்துட்டு போய் குடிங்கன்னு சொல்லிதான் குடுப்பாங்க.

கவனிச்சீங்களா, அந்தம்மாவ விட பெரிய விசுவாசிய நீங்க எங்க போய் தேடுவீங்க, அவங்களே முதல்ல பெட்டுதான் தேடுனாங்க. மருத்துவம் அங்க, ஜெபம் இங்கன்னு பிரிச்சு சண்டை போட்டதெல்லாம் பின்னாடி வந்தவங்க.

சரி, நம்பிக்கை வழில போனா பலன் இருக்கா? இருக்கு. மனசு ஆறுதலுக்கு சொல்லல. 2020-ல, மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்பு ஏஏ வழிமுறைய பத்தி 27 ஆய்வுகள சேர்த்து பாத்துச்சு, பத்தாயிரம் பேருக்கு மேல. முழுசா குடிய விட்டு தொடர்ந்து இருக்கற விஷயத்துல மத்த கவுன்சிலிங் முறைகள விட இது மேலேன்னுதான் வந்துச்சு. ஏஏ ஒரு மதம் கிடையாதுங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க, கடவுள்ங்கறத அவரவர் புரிஞ்சுக்கிட்ட மாதிரின்னு விட்டிருப்பாங்க, அதனால அந்த ஆய்வ காட்டி எல்லா ஜெப இல்லமும் பலன் தரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒரே கஷ்டத்த பட்டவங்க வாரா வாரம் ஒண்ணா உக்காந்து பேசறதும், ராத்திரி பத்து மணிக்கு கை நடுங்குனா ஃபோன் பண்ண ஒரு ஆள் இருக்கறதும், நாளுக்கு ஒரு ஒழுங்கு வர்றதும், இந்த மூணும் நல்ல ஜெபக் குழுவுல தன்னால கிடைக்குது. இன்னொண்ணும் ஆய்வுல தெரிஞ்சுது, ஆண்களுக்கு குடிக்கிற நண்பர்கள் கூட்டத்துலருந்து விலகறதுல ஏஏ அதிகமா உதவுது, பெண்களுக்கு துக்கம் கோபம் தனிமைன்னு மனசு உடையுற நேரத்துலயும் குடிக்காம இருக்க முடியும்ங்கற தைரியத்த குடுக்கறதுல அதிகமா உதவுது. வீட்டுக்குள்ள தனியா குடிக்கிற உங்க தங்கச்சிக்கு எது வேணும்னு நீங்களே பாத்துக்கோங்க.

பெண்கள் விஷயத்துல ஏன் தனியா யோசிக்கணும்னா, உடம்பே வேற. பெண்கள் உடம்புல தண்ணி அளவு கம்மி, அதே அளவு குடிச்சாலும் ரத்தத்துல ஆல்கஹால் அதிகமா ஏறும், ஈரல் சீக்கிரம் கெடும், குடிக்க ஆரம்பிச்சதுலருந்து அடிமையாகற வரைக்கும் ஆகற காலமும் நிறைய பேருக்கு ஆண்கள விட குறைவா இருக்கு. ஆனா உடம்ப விட பெருசு அவமானம். ஆம்பள குடிச்சா பழக்கம், பொம்பள குடிச்சா நடத்தை, இப்படித்தானே பேசுறாங்க. அதனாலதான் ஒளிச்சு குடிக்கிறாங்க, பிள்ளைங்கள பறிச்சுடுவாங்களோன்னு பயந்து வைத்தியத்துக்கும் வர மாட்டாங்க. இதுக்கு மேல இல்லத்துல போய் தினம் காலைல "நீ பாவி, நீ பாவி"ன்னு கேட்டா என்ன ஆகும், ஏற்கனவே தன்னைத்தானே வெறுக்கறவ இன்னும் வெறுப்பா, அந்த வெறுப்ப அமுக்கறதுக்குத்தானே அவ கிளாஸையே எடுத்தா.

ஏஏக்குள்ள போய் வந்த ஜீன் கர்க்பேட்ரிக்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அறிஞர் இதத்தான் சொன்னாங்க. குடிக்கு முன்னாடி நான் சக்தியற்றவள்னு ஒத்துக்கறதுலருந்து ஆரம்பிக்கணும்னு ஏஏயோட முதல் படி சொல்றது, திமிரா இருக்கற ஒரு ஆளுக்கு மருந்தா இருக்கலாம், வாழ்க்கை முழுக்க சக்தியே இல்லாம வச்சிருந்த பெண்ணுக்கு அது சரிப்படாதுன்னு சொல்லி, 1970-கள் நடுவுல விமன் ஃபார் சோப்ரைட்டினு பெண்களுக்கு தனியா ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. எனக்கு இதுல பாதி சம்மதம், பாதி இல்ல. சரணாகதில நிம்மதி கிடைச்ச பெண்களும் நிறைய பேர் இருக்காங்க. யாருகிட்ட சரணடைய சொல்றாங்கங்கறதுதான் விஷயம், கடவுள்கிட்டயா, இல்ல அந்த இல்லத்த நடத்துற பிரதர்கிட்டயா, இல்ல அடிச்ச புருஷன்கிட்டயேவா.

அதனால அந்த இல்லத்துக்கு ஒரு ஃபோன் போடுங்க அக்கா. கேளுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கு ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க? எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் கூட போவாங்கன்னு டக்குனு பதில் வந்துச்சுன்னா நல்ல இடம். "அதெல்லாம் கர்த்தர் பாத்துக்குவார்"னு வந்துச்சுன்னா ஃபோன வச்சுடுங்க. அப்புறம், ஒரு பொண்ணு நடுவுல சறுக்கி மறுபடி குடிச்சுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. சறுக்கறது இந்த நோய்ல சகஜம், அன்னைக்கு ராத்திரியே பெட்டிய வெளில வைக்கிற இடத்துல ரிஸ்க் அதிகம். இது பார்த்துட்டு இருக்கற வேற யாராவது வீட்டுல ஹெராயின், போதை தர்ற வலி மாத்திரை மாதிரி பிரச்சனை இருந்தா இன்னும் கவனம், சில மாசம் நிறுத்துன உடம்பு பழைய அளவ தாங்காது, பழைய அளவே எடுத்தா மூச்சு நின்னுடும். அந்தப் போதைலருந்து மீள டாக்டர் குடுக்குற புப்ரெனார்ஃபின், மெத்தடோன் மருந்த எடுத்துக்கறவங்கள அத நிறுத்துனாதான் சேர்த்துப்போம்னு சொல்ற இடத்துக்கு போகவே போகாதீங்க, கர்ப்பமா இருந்தா அந்த மருந்த சட்டுனு நிறுத்தவே கூடாது.

பிள்ளைங்கள பாக்க விடுவாங்களா, ஃபோன் பேச விடுவாங்களா, போகணும்னு சொன்னா விடுவாங்களா, உள்ள ராத்திரில ஆம்பளைங்க யாராவது இருக்காங்களான்னும் கேக்கணும். உள்ள வேலை செய்யணும்னா அதுக்கு சம்பளம் உண்டான்னும் கேளுங்க. அமெரிக்கால நாஷ்வில் ஊர்ல பெக்கா ஸ்டீவன்ஸ்னு ஒரு பெண் பாதிரியார் 1997-ல ஆரம்பிச்ச இல்லம் ஒண்ணு இருக்கு, தெருவுலயும் போதையிலயும் சிக்கி வந்த பெண்களுக்கு, ரெண்டு வருஷம் இலவசமா தங்கலாம், வீட்டுக்குள்ள காவலுக்குன்னு மேற்பார்வையாளர் யாரும் தங்க மாட்டாங்க, பெண்களே பாத்துக்குவாங்க. அப்புறம் மெழுகுவர்த்தி, எண்ணெய் செய்யற தொழில் ஒண்ணு ஆரம்பிச்சு அதுல வேலையும் குடுத்தாங்க. அதுவும் விசுவாசத்துலருந்து வந்ததுதான். இங்கயும் அங்கயும் பைபிள் ஒண்ணுதான் அக்கா, நடத்துற விதத்துலதான் இருக்கு எல்லாம்.

சாட்சி சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு, இதப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. உள்ள போய் மூணு வாரம்தான் ஆகியிருக்கும், ஞாயித்துக்கிழமை மைக்க கைல குடுத்து உன் பழைய வாழ்க்கைய சொல்லும்மான்னுவாங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்லணும்னு தெரியாம எல்லாத்தயும் சொல்லிடும், யார்கிட்ட காசு வாங்கி குடிச்சேன், யார் வீட்டுல விழுந்து கிடந்தேன், சின்ன வயசுல மாமா ஒருத்தர் என்ன பண்ணார்னு வரைக்கும். கீழ முதல் வரிசைல மாமியார் வீட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்க, பின்னாடி ஒருத்தர் வீடியோ எடுத்துட்டு இருப்பார். எல்லாரும் அல்லேலூயா சொல்வாங்க, அப்புறம் வாழ்நாள் முழுக்க அத ஒவ்வொரு சண்டைலயும் எடுத்து வீசுவாங்க. ஏஏல கூட தப்ப ஒத்துக்கற படி ஒண்ணு இருக்கு, அதுல கடவுள்கிட்டயும் தனக்குத்தானும் இன்னும் ஒரே ஒரு மனுஷர்கிட்டயும்தான் சொல்லணும். நம்பிக்கையான ஒரு பெண்ணா பாத்து அவங்ககிட்ட சொல்லட்டும், மைக் வேணாம்.

கடைசியா, உங்க கேள்விய நான் ரெண்டு மூணு தடவ படிச்சேன். ஜெபக் கூட்டத்துல என்ன சொன்னாங்கன்னு இருக்கு, புருஷன் என்ன சொன்னார்னு இருக்கு, உங்க கவலை இருக்கு. தங்கச்சி என்ன சொல்றான்னு ஒரு வரி கூட இல்ல. அவளுக்கு ஜெபத்துல மனசு இருக்கா? 8 மாசம் பிள்ளைங்கள யார் பாத்துப்பாங்க, அவளுக்கு அதுதான் முதல் கேள்வியா இருக்கும். அவ ஏன் தூங்க முடியாம மாத்திரைக்கு போனா, அந்த வீட்டுல என்ன நடக்குது? உக்காந்து அவகிட்ட கேளுங்க, திட்டாம கேளுங்க, புருஷன் பக்கத்துல இல்லாத நேரமா பாத்து கேளுங்க. அவளா ஒத்துக்கிட்டு போனா அந்த இல்லம் வேலை செய்யறதுக்கு வாய்ப்பு இருக்கு, கட்டி கூட்டிட்டு போனீங்கன்னா அவ 8 மாசத்த எண்ணிட்டு உக்காந்திருப்பா.

அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, இந்த வீடியோவ பாத்த வேகத்துல இன்னைக்கு ராத்திரியே பாட்டில கொட்டிட்டு மாத்திரைய பூட்டி வைக்காதீங்க. முதல்ல ஒரு மனநல டாக்டர்கிட்ட இல்லன்னா டீஅடிக்‌ஷன் வார்டு இருக்கற ஆஸ்பத்திரிக்கு போங்க, அவ சாப்பிடுற மாத்திரை அட்டைய அப்படியே எடுத்துட்டு போங்க, ஒரு நாளைக்கு எவ்ளோ குடிக்கிறா, கடைசியா எப்ப குடிச்சா, இதுக்கு முன்னாடி நிறுத்துனப்ப ஃபிட்ஸ் எதாவது வந்துச்சான்னு குறைச்சு சொல்லாம உள்ளது உள்ளபடி சொல்லுங்க. டாக்டர் சரின்னு சொன்னதுக்கப்புறம் இல்லத்துக்காரங்கள பாக்க போகலாம், அப்ப டிஸ்சார்ஜ் சீட்டையும் கைல வச்சுக்கோங்க, அதப் பாத்து அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கு எழுதுங்க.