எல்க் வேட்டைக்கு மேகசின்ல எத்தனை தோட்டா போடலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. இது வந்ததுல இருந்து எனக்கு ஒரே குஷி, ஏன்னா ரொம்ப நாளா யாராவது இதைக் கேட்க மாட்டாங்களான்னு இருந்தேன், கிட்டத்தட்ட கேட்டுட்டாங்க. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம், டென்வர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். "அண்ணா, ஆபீஸ் ஃப்ரெண்டு எல்க் வேட்டைக்குக் கூப்பிடறான். அவன்கிட்ட 10 ரவுண்டு மேகசின் போட்ட போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் இருக்கு. இன்னொருத்தர் வந்து, கொலராடோல 6 தோட்டாவுக்கு மேல இருந்தா ஃபைன்னு பயமுறுத்தறார். யார் சொல்றது சரி?"

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், எல்க்னா அங்க இருக்கிற பெரிய மான் வகை, மேகசின்னா துப்பாக்கியில தோட்டா அடுக்கி வைக்கிற டப்பா, ரவுண்டுன்னா தோட்டா. தம்பி, உங்க ஃப்ரெண்டு தாராளமா அந்த ரைஃபிளை எடுத்துட்டு வரட்டும். அந்த 6ங்கிற கணக்கு செமி ஆட்டோமேட்டிக்குக்கு, அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறற துப்பாக்கிக்கு மட்டும்தான். கொலராடோ பிக் கேம் விதி, அதாவது பெரிய மிருக வேட்டை விதி, என்ன சொல்லுதுன்னா, செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்ல வேட்டையாடினா மேகசின்ல இருக்கிறது, சேம்பர்ல, அதாவது சுடறதுக்கு ரெடியா குழல்ல இருக்கிறது, ரெண்டும் சேர்த்து 6 தோட்டாவுக்கு மேல இருக்கக் கூடாது. போல்ட் ஆக்ஷன்னா ஒவ்வொரு தோட்டாவையும் கையால ஏத்தணும், அதுக்கு அந்த மாதிரி ஒரு நம்பரே கிடையாது. அந்த இன்னொருத்தர் 6ங்கிறதைப் படிச்சிருக்கார், அதுக்கு முன்னாடி இருக்கிற வார்த்தையைப் படிக்கல, அவ்வளவுதான்.

நம்ம சேனலை ரெகுலரா பார்க்கிறவங்களுக்கு நான் இப்ப என்ன சொல்லப் போறேன்னு தெரியும், பரவாயில்ல, திரும்பவும் சொல்றேன். எந்த மேகசின் சட்டமா இருந்தாலும் நம்பரைப் பார்க்காதீங்க, முதல்ல துப்பாக்கியைப் பாருங்க. ட்ரிகரை இழுத்தா அடுத்த தோட்டா தானா ஏறுதா, இல்ல நீங்க கையால ஏத்தணுமா? தானா ஏறினா ஒரு சட்டம், கையால ஏத்தினா வேற சட்டம். இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா உலகத்துல பாதி வேட்டை விதி புரிஞ்சிடும்.

கனடாவை எடுத்துக்குங்க. அங்க சென்டர்ஃபயர், அதாவது தோட்டாவோட அடி நடுவுல அடிச்சு வெடிக்கிற ரகம், அந்த செமி ஆட்டோ ரைஃபிளுக்கு மேகசின்ல 5 தோட்டாதான். ஆனா நம்ம ஊர் போலீஸ்காரங்க தோள்ல பல வருஷம் தொங்கிட்டிருந்த அந்த .303 லீ என்ஃபீல்டு இருக்கு பாருங்க, போல்ட்டைப் பின்னால இழுத்து முன்னால தள்றது, அதுல 10 தோட்டா போடலாம், கனடாவுல ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அதே கனடாவுல எம்1 கராண்ட்னு ஒரு பழைய மிலிட்டரி ரைஃபிள், அது செமி ஆட்டோ, ஆனா 8 தோட்டா கிளிப்புக்குத் தனியா விலக்கு குடுத்து வச்சிருக்காங்க. சட்டம்னா அப்படித்தான், ஒரு பக்கம் கணக்கா இருக்கும், ஒரு பக்கம் செல்லம் குடுக்கும்.

ஜெர்மனி இன்னும் கறார். அங்க வேட்டையில செமி ஆட்டோன்னா மொத்தமே 3 தோட்டாதான், உள்ள ரெண்டு, சேம்பர்ல ஒண்ணு. 2016 மார்ச்ல அவங்க ஃபெடரல் நிர்வாக நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. கழட்டி மாட்டற மேகசின் இருக்கிற செமி ஆட்டோன்னா, நீ 2 ரவுண்டு மேகசின் போட்டிருந்தாலும் பெரிசு ஒண்ணை மாட்ட முடியும்ல, அதனால வேட்டைக்காரனுக்கு அது கிடையாதுன்னுட்டாங்க. அங்க காட்டுப்பன்றி வேட்டைக்கு அந்த ரைஃபிளை வச்சிருந்தவங்க எல்லாம் தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. அப்புறம் அதே வருஷக் கடைசில பார்லிமென்ட் சட்டத்தைத் திருத்தி, துப்பாக்கியில மொத்தம் 3க்கு மேல ஏத்தாம இருந்தா போதும்னு ஆக்கினாங்க. கவனிச்சீங்களா, கோர்ட் பார்த்தது எத்தனை கொள்ளும்ங்கிறதை, திருத்தம் பார்க்கிறது எத்தனை ஏத்தியிருக்கேங்கிறதை. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் பாதி பேர் மாட்டிக்கறாங்க.

அமெரிக்காவுக்கே திரும்ப வருவோம். ஃப்ளோரிடால செமி ஆட்டோ சென்டர்ஃபயருக்கு மேகசின்ல 5, ஆரிகன்லயும் 5. மிச்சிகன், நியூயார்க் ரெண்டுலயும் மேகசினும் சேம்பரும் சேர்த்து 6. கேட்கிறவங்களுக்கு 5, 6ன்னு வேற வேற மாதிரி தெரியும், ஆனா 5 மேகசின்ல, 1 சேம்பர்ல, எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிக்குது. அதனால வம்பே வேண்டாம், செமி ஆட்டோ வச்சிருக்கிறவங்க ஒரு 5 ரவுண்டு மேகசின் வாங்கிப் போட்டுக்குங்க, கடையில கிடைக்குது. 20 ரவுண்டு மேகசின்ல அஞ்சு போட்டு, சார் அஞ்சுதான் சார் போட்டிருக்கேன்னு மலை உச்சியில ஆபீசர்கிட்ட வாதாட வேண்டாம்.

இன்னொண்ணு, போல்ட் ஆக்ஷனுக்கு நம்பர் இல்லைன்னு சொன்னேன்ல, அது வேட்டை விதிப்படி. கொலராடோல 2013ல இருந்து 15 ரவுண்டுக்கு மேல பிடிக்கிற மேகசினை விக்கவோ வாங்கவோ கூடாதுன்னு பொதுச் சட்டம் ஒண்ணு இருக்கு. உங்க ஃப்ரெண்டோடது 10, அதனால பிரச்சனை இல்ல.

டெக்சாஸ்ல இருக்கிற நம்ம ஆளுங்க இப்ப சிரிப்பீங்க. அங்க காட்டுப்பன்றிக்கு மேகசின் கணக்கே கிடையாது, 2019 செப்டம்பர்ல இருந்து தனியார் நிலத்துல நில உரிமையாளர் சரின்னா லைசென்ஸ்கூட வேண்டாம், 2011ல இருந்து ஹெலிகாப்டர்ல இருந்தே சுடலாம்னு சட்டம். ஏன்னா அங்க அரசாங்கத்துக்குப் பன்றி குறையணும். எல்க் விஷயத்துல எல்க் நிலைச்சு நிக்கணும். நோக்கம் மாறினா நம்பர் மாறும்.

இதுக்கு ரொம்ப அழகான உதாரணம் வாத்து வேட்டை. 1935ல வறட்சி, வாத்து எல்லாம் அழிஞ்சுட்டு வருது, அப்ப ஃபெடரல் அரசு ஷாட்கன்ல மொத்தம் 3 தோட்டாதான்னு விதி போட்டுச்சு. தோட்டா போடற ட்யூப்க்குள்ள ஒரு கட்டையைச் சொருகி வச்சிடணும், நாலாவது உள்ள போகாது. இன்னிக்கும் அந்தக் கட்டை உண்டு. ஆனா 1999ல என்னாச்சு, ஸ்னோ கூஸ்னு வெள்ளை வாத்து எக்கச்சக்கமா பெருகி, ஆர்க்டிக் பக்கம் புல்லை வேரோட பிடுங்கித் தின்னு நிலத்தையே மொட்டையாக்கிடுச்சு. உடனே அதே அரசு அந்த வாத்துக்கு மட்டும் தனி சீசன் வச்சு, கட்டையைக் கழட்டிக்கோ, எத்தனை வேணா போட்டுக்கோன்னு சொல்லிடுச்சு. அதே ஆளு, அதே துப்பாக்கி. இதை நான் முன்னாடியும் சொல்லியிருக்கேன், திரும்பத் திரும்ப சொல்வேன், எனக்கு அவ்வளவு பிடிச்ச விஷயம் இது.

சரி. இப்ப தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வரேன். எத்தனை தோட்டான்னு கேட்டீங்க, எந்தத் தோட்டான்னு கேட்கலையே! கொலராடோ புத்தகத்துல அந்த 6க்குப் பக்கத்துலயே இருக்கு, யாரும் படிக்கிறதில்ல. ரைஃபிள் குறைஞ்சது .24 காலிபர் இருக்கணும், காலிபர்னா குழலோட உள் விட்டம், அதாவது 6 மில்லிமீட்டர். குண்டு பட்டதும் விரியற ரகமா இருக்கணும். மான், கரடி, ப்ராங்ஹார்ன்னு மான் மாதிரி ஒண்ணு, இதுக்கெல்லாம் குண்டு எடை குறைஞ்சது 70 கிரெய்ன், எல்க், மூஸ்னு இன்னொரு பெரிய மான், அதுக்கெல்லாம் 85 கிரெய்ன், அது ஏறக்குறைய அஞ்சரை கிராம். 100 கெஜ தூரத்துல 1000 ஃபுட் பவுண்டு சக்தி மிச்சம் இருக்கணும், தோட்டா பெட்டியிலயே போட்டிருப்பான், பார்த்து வாங்குங்க.

இதுல என்ன வேடிக்கைன்னா, ஏஆர் 15 வச்சிருக்கிற ஒருத்தர் 5 ரவுண்டு மேகசின் தேடி கடை கடையா அலைவார். அவரோடது .223. காலிபரே .24க்குக் கீழ! மேகசின்ல ஒரே ஒரு தோட்டா போட்டாலும் கொலராடோல அதை வச்சு எல்க் என்ன, சின்ன மானைக்கூட சுடக் கூடாது. அதே வகையில .308 போடற பெரிய ரைஃபிளா இருந்தா, 5 ரவுண்டு மேகசினோட ஜம்முனு போகலாம். இந்த விதிதான் மிருகத்தை நினைச்சு எழுதினது. ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல வரும், நம்ம கடமான் வம்சம்தான், ஆனா இன்னும் பெரிய உடம்பு. சின்ன குண்டு பட்டா சாகாது, ஓடிப் போய் எங்கயோ மரத்தடியில ரெண்டு நாள் கிடந்து சாகும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இருக்கார், பல வருஷமா எல்க்குக்குப் போறவர், ருகர் நம்பர் ஒன்னுன்னு ஒரு ரைஃபிள் வச்சிருக்கார், அதுக்கு மேகசினே கிடையாது. ஒரு தோட்டா, சுட்டா திறந்து அடுத்ததைக் கையால போடணும். ஏன் சார் இப்படின்னா, ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சா நான் அவசரப்பட மாட்டேன்னு சொல்வார். ஆனா அவர் பேச்சைக் கேட்டு நீங்களும் சிங்கிள் ஷாட் வாங்கணும்னு இல்ல, எனக்கு அது சரின்னும் தோணல. எல்க் முதல் குண்டு பட்டும் ஒண்ணும் ஆகாத மாதிரி அப்படியே நிக்கும். அப்ப ரெண்டாவது உடனே போகணும், விழற வரைக்கும் சுடணும், இல்லேன்னா அதுக்குத்தான் வதை. அதனால மூணு நாலு தோட்டா இருக்கிறது நல்லதுதான். சாதாரண போல்ட் ஆக்ஷன் ரெமிங்டன் 700ல .30-06 ரகத் தோட்டா நாலு போகும், மேக்னம்ங்கிற பெரிய தோட்டான்னா மூணு. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியும், அவர் வச்சிருந்த ரெட்டைக் குழல் டபுள் ரைஃபிள்ல மொத்தமே ரெண்டு. 10 ரவுண்டு மேகசின் தடிமனா கீழ நீட்டிக்கிட்டு, தூக்கிட்டு மலை ஏறும்போது இடுப்பை இடிக்கும், அது ஒண்ணுதான் மிச்சம். தம்பி ஃப்ரெண்டுகிட்ட அதைச் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, யாரும் கேட்கல, ஆனா நம்ம ஆளுங்க நிறைய பேருக்குத் தேவைப்படும். ஹெச் 1 பி வேலை விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியைத் தொடறதே ஃபெடரல் சட்டப்படி தடை, ஆனா கையில செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் முதல்ல, துப்பாக்கி அப்புறம். ஃப்ரெண்டோட ரைஃபிளை ஒரு தடவை பிடிச்சுப் பார்க்கிறேன்னு போட்டோவுக்கு நிக்கறதுக்கு முன்னாடி இதை யோசிங்க, விசா விஷயம், ஒரு வக்கீலைக் கேட்டுக்குங்க. 1949 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க கொலராடோல லைசென்ஸ் வாங்க ஹன்டர் எஜுகேஷன் கார்டு வேணும், அந்த கிளாஸை இப்பவே முடிச்சிடுங்க, அக்டோபர்ல சீசன் ஆரம்பிக்கிறப்போ ஓடாதீங்க. ரைஃபிளோட வண்டியில ஏறும்போது சேம்பர் காலியா இருக்கணும், உடம்புல ஆரஞ்சு இல்லேன்னா பிங்க், 500 சதுர அங்குலம், தலையிலயும் போடணும். டேக், அதாவது ஒரு மிருகத்தைச் சுடறதுக்கான அனுமதிச் சீட்டு, அதுக்கு அப்ளை பண்றது தனிக் கதை, அதுல முன்னுரிமை குடுக்கிற ப்ரிஃபரன்ஸ் பாயின்ட் பத்தி ஏற்கனவே ஒரு வீடியோ இருக்கு, அதைப் பாருங்க. அடுத்த கேள்வி யாரோடது?