பன்னிரண்டு பேர் அமரும் மேசை: பிலிப்ஸ் எக்ஸிட்டர் பள்ளியைப் பற்றி ஓர் உரை

தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பெயர்பெற்ற ஒரு பள்ளியைப் பற்றிப் பேச வருகிறவர்கள், அங்கே படித்துப் பெரிய ஆளானவர்களின் பட்டியலை முதலில் வாசிப்பது வழக்கம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து எக்ஸிட்டர் என்னும் சிற்றூரில் உள்ள பிலிப்ஸ் எக்ஸிட்டர் அகாடமிக்கும் அப்படி நீண்டதொரு பட்டியல் உண்டு. அதில் அரசியல் தலைவர் டேனியல் வெப்ஸ்டர் இருக்கிறார், பிராங்க்ளின் பியர்ஸ் என்ற குடியரசுத் தலைவர் இருக்கிறார், மார்க் சக்கர்பெர்க்கும் இருக்கிறார். இத்தகைய பட்டியல்கள் ஒரு பள்ளி எப்படிக் கற்பிக்கிறது என்பதைவிட, அங்கே யாருடைய பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்பதையே பெரும்பாலும் சொல்கின்றன என்பது என் கருத்து. ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, அந்தப் பள்ளியின் மரமேசை ஒன்றைப் பற்றியும், அந்த மேசைக்கு உண்மையில் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் பிலிப்ஸ் என்பவர் ஹார்வர்டில் படித்து, எக்ஸிட்டரில் வணிகம் செய்து பொருள் ஈட்டியவர். அவரும் அவர் மனைவி எலிசபெத்தும் 1781-இல் இந்தப் பள்ளியை நிறுவினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1778-இல், அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான சாமுவேல் பிலிப்ஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் இன்னொரு பள்ளியைத் தொடங்கியிருந்தார். அதற்கும் ஜான் பிலிப்ஸ் கைகொடுத்தவர்தான். எக்ஸிட்டர் பள்ளியின் கொடைப்பத்திரத்தில், அறிவில்லாத நற்குணம் வலுவற்றது என்றும், நற்குணமில்லாத அறிவு ஆபத்தானது என்றும் எழுதிவைத்தார்கள். தகுதியுள்ள இளைஞர் எத்திசையிலிருந்து வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்றும் அதில் உண்டு. எத்திசையும் என்ற சொல்லுக்குள் பெண்கள் வருவதற்கு ஏறக்குறைய 190 ஆண்டுகள் பிடித்தன.

இதைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளி என்கிறோம். அந்த ஆயத்தம் என்னவென்று காட்ட ராபர்ட் லிங்கனின் கதையே போதும். ஆபிரகாம் லிங்கனின் மூத்த மகனான அவர், 1859-இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதிப் படுதோல்வி அடைந்தார். எக்ஸிட்டரில் ஓராண்டு படித்து, 1860-இல் ஹார்வர்டில் சேர்ந்தார். அந்த ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி நியூயார்க்கில் கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியில் தம்மை நாடறியச் செய்த உரையை நிகழ்த்திய தந்தை, அங்கிருந்து மகனைப் பார்க்க எக்ஸிட்டருக்கு வந்தார். வந்த இடத்தில் ஊர் மன்றத்திலும் பேசினார். மகனின் தேர்வுத் தோல்விதான் அந்தத் தந்தையை எக்ஸிட்டர் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்து மேடைகளுக்கு இழுத்து வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

இனி மேசைக்கு வருகிறேன். 1930-ஆம் ஆண்டு வரை எக்ஸிட்டரிலும் ஒப்பிப்பதே பாடமுறை. மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள்; ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து, படித்து வந்ததை ஒப்பிப்பார்கள். எட்வர்ட் ஹார்க்னஸ் என்ற செல்வந்தர் இதை மாற்ற நினைத்தார். அவருடைய தந்தை, ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தில் தொடக்கத்திலேயே முதலீடு செய்தவர். பள்ளித் தலைவர் லூயிஸ் பெர்ரிக்கு ஹார்க்னஸ் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: மாணவர்கள் ஆசிரியருடன் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உரையாடிக் கற்க வேண்டும், பேசத் தயங்கும் சராசரி மாணவனும் அங்கே துணிந்து பேச வேண்டும். பள்ளி முதலில் தீட்டி அனுப்பிய திட்டம் பழைய முறைக்கு மெருகு பூசியது போலிருந்ததால், அவர் அதை ஏற்கவில்லை. வேரோடு மாற்றும் திட்டம் கைக்கு வந்த பிறகே 58 லட்சம் டாலரைக் கொடுத்தார். பெருமந்தம் என்னும் பொருளாதார வீழ்ச்சி அமெரிக்காவை வாட்டத் தொடங்கிய ஆண்டு அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அந்த மேசை நீள்வட்டமானது. செவ்வகமாக இருந்தால் மூலையில் ஒருவர் பதுங்கிவிடலாம். பெரிய வட்டமாக இருந்தால் எதிரில் இருப்பவர் எட்டிப்போய்விடுவார். நீள்வட்டத்தில் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரியும். கடைசி பெஞ்சு என்று ஒன்று இல்லை. தேர்வு எழுதுவதற்கென்று மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்துக்கொள்ளும் பலகைகளும் அதில் உண்டு. சுமார் 12 மாணவர்களும் ஆசிரியரும் அமர்கிறார்கள். கணக்கு வகுப்பைப் பாருங்கள். அத்தியாயம் அத்தியாயமாக விளக்கிச் செல்லும் பாடநூல் கிடையாது. ஆசிரியர்களே தொகுத்த கணக்குகள் மட்டும் உண்டு. முந்தைய இரவு போட்டுப் பார்த்த கணக்கை மாணவர்கள் வந்ததும் பலகையில் எழுதுகிறார்கள். பாதியில் நின்றுபோன கணக்கையும் எழுதலாம். பிறகு ஒருவர் விளக்க, மற்றவர்கள் குறுக்கிடுகிறார்கள். ஆசிரியர் வாய்திறக்காமல் இருக்கப் பழகுவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி என்று தோன்றுகிறது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஹார்க்னஸ் கொடுத்த பணம் மேசைகளுக்கு மட்டும் போகவில்லை. வகுப்பில் 12 பேர் என்றால் ஆசிரியர்கள் பலர் வேண்டும். அவர்களை அமர்த்தவும், அவர்கள் தங்க இடமளிக்கவும், வகுப்பறைகளைக் கூட்டவும்தான் அந்தப் பெருந்தொகை தேவைப்பட்டது. மேசையைப் பார்த்துவிட்டு அதேபோல் செய்து போட்டுக்கொள்ளும் பள்ளிகள் இந்தக் கணக்கை மறந்துவிடுகின்றன. முப்பது பேரை நீள்வட்டமாக உட்கார வைத்தால் இருபது பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

மேசையில் பேச வேண்டுமானால் முன்னதாகத் தனியே படித்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடமாக, 1971-இல் திறக்கப்பட்ட நூலகத்தைக் கட்டடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்தார். வெளியே செங்கல், உள்ளே நடுக்கூடத்தின் நான்கு பக்கமும் கான்கிரீட் சுவரில் வெட்டிய பெரும் வட்டங்கள், அவற்றின் வழியே தளம் தளமாகப் புத்தக அடுக்குகள் தெரியும். படிக்கும் இடமோ வெளிச் சுவரை ஒட்டி இருக்கிறது. சன்னலோரத்தில் ஆளுக்கொரு மர மேசை. வெளிச்சத்தை வேண்டிய அளவு விட்டுக்கொள்ளச் சிறியதொரு மரக்கதவு. புத்தகத்தை எடுத்தவர் வெளிச்சத்தை நாடிப் போவார் என்பது கானின் எண்ணம். அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தை எழுப்பியவரும் இவரே. அங்கே போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் 1974-இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார்.

பெண்கள் 1970-இல் சேர்ந்தார்கள். முதன்மைக் கட்டடத்தின் வாயிலில், சிறுவர்களே, ஆடவர் ஆவதற்கு இங்கே வாருங்கள் என்னும் பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. சிறுவரையும் சிறுமியரையும் சேர்த்து அழைக்கும் புதிய வாசகம் 1996-இல்தான் அங்கே வந்தது. சேர்க்கை ஓர் ஆண்டில் மாறிவிட்டது. கல்லெழுத்து மாற மேலும் 26 ஆண்டுகள் ஆயின. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடந்த பல ஆண்டுகளில் ஆசிரியர்கள் சிலர் மாணவர்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியது 2016 முதல் வெளிவந்தது. பள்ளியும் அதை ஒப்புக்கொண்டது. ஆசிரியரும் மாணவரும் ஒரே விடுதியில் வாழும் அமைப்பில் நம்பிக்கைக்கு நிகராகக் கண்காணிப்பும் வேண்டும்.

விளையாட்டுக்கு வருவோம். ஆண்டோவருடன் அமெரிக்கக் கால்பந்து 1878-இல் தொடங்கியது. அந்நாட்டில் இன்றளவும் ஆடப்படும் மிகப் பழைய பள்ளிப் போட்டிகளில் அது ஒன்று. இலையுதிர் காலத்தில் நடக்கும் அந்த ஆட்டத்துக்கு முன்னாள் மாணவர்கள் திரண்டு வருவார்கள். பங்காளிச் சண்டை என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. வசந்த காலத்தில் ஸ்குவாம்ஸ்காட் ஆற்றில் துடுப்புப் படகுப் பயிற்சி நடக்கிறது. இந்தப் பெரிய ஆட்டங்களைவிட என்னைக் கவர்ந்தது வேறு: அணியில் இடம் கிடைக்காத மாணவரும் உடற்பயிற்சியிலிருந்து ஒதுங்கிவிட முடியாது. காலையில் மேசையில் அமர்ந்த ஆசிரியரே பல வேளைகளில் மாலையில் பயிற்சியாளராகத் திடலில் நிற்கிறார். இரவில் விடுதிப் பொறுப்பும் அவருடையதே. வகுப்பில் வாய்திறக்காத பையன் திடலில் எப்படிக் குரல் கொடுக்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவுக்கும் கட்டணம் மிக அதிகம். பெரும் மூலநிதி இல்லாமல் இந்தப் பள்ளி நடக்காது. ஆண்டு வருமானம் 75,000 டாலருக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்று 2007-இல் அறிவித்தார்கள். பின்னர் அந்த வரம்பை உயர்த்தினார்கள். நம்மால் அந்த மூலநிதியைக் கொண்டுவர முடியாது. ஆனால் நான் சொன்ன கணக்குத் தொகுப்புகளைப் பள்ளி இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. கணித ஆசிரியர்கள் அதில் ஒரு பக்கத்தை எடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், பத்துப் பன்னிரண்டு மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.