தூக்கில் வெட்டிய பெயர்

(சென்னை எழும்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் மியூசியம் இருக்கிறது. 1851இல் தொடங்கியது. பழைய மெட்ராஸ்காரர்கள் அதை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. எனக்கு அந்தப் பெயரில் ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. செத்த பொருளுக்கு நோய் வருமா?

வெண்கலத்துக்கு வரும். சிலையின் இடுப்பு மடிப்பில் கடுகளவு வெளிர்பச்சைப் பொடி பூத்திருக்கும். துடைத்தால் போய்விடும். ஐப்பசி மழை பிடித்ததும் அதே இடத்தில் மறுபடி பூக்கும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் உப்பிலிருந்து ஏறிய குளோரைடு செம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரம் பட்டால் அதிலிருந்து அமிலம் பிறக்கும், அமிலம் செம்பைத் தின்னும், தின்ற செம்பு திரும்பவும் குளோரைடாகும். விட்டால் சிலையே மிஞ்சாது. இதைப் பார்த்துக்கொள்ளவே அங்கே 1930இல் ரசாயனக் கூடம் வைத்தார்கள். கடற்காற்று வீசுகிற ஊரில் இது ஓயாத வேலை.

சரி, சாமி ஏன் மண்ணுக்குள் போனது? படை வருகிறது என்று பயந்து நம் ஆட்களே புதைத்தார்கள் என்பார்கள். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டினார்கள். சிலைகள் வந்தன, தேவாரம் பொறித்த செப்பேடுகளும் வந்தன. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கே வைத்தோம் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எங்கள் வீட்டுப் பரணும் அதே கதைதான். போன போகிக்கு ஏணி போட்டு ஏறினேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல் நொறுங்காமல் அப்படியே இருந்தது. மிக்சி காயலான் கடைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. "கேரண்டி முடியட்டும்னு வெச்சேன்" என்கிறார் அம்மா. (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இருக்கிறது.

பூட்டி வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டித்தான் கிடந்தது. 2008இல் சிலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்று திறந்து பார்த்தால், சிலைகள் இல்லை. அங்கே இருந்த நடராஜரை அதே வருஷம் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. அவர் 2014 செப்டம்பரில் திரும்பி வந்தார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் அந்தக் கோயிலுக்குப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். படத்தில் இருப்பவரும் கான்பெராவில் நிற்பவரும் ஒருவரே என்று தெரிந்துபோனது. பூட்டு கைவிட்டது, போட்டோ கைகொடுத்தது.

மியூசியத்தில் எந்தப் பொருள் வந்தாலும் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவார்கள். நம் வீட்டில் அந்த வேலையைச் செய்தது பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர்தான். புள்ளி புள்ளியாக இனிஷியல், பெயர், தேதி. பரணில் கிடந்த பித்தளை அண்டாவில் பாட்டி பெயரும் கல்யாணத் தேதியும் இருந்தன. எடைக்குப் போட்டிருந்தால் பித்தளை விலைதான் கிடைத்திருக்கும்.

அண்டாவுக்குள் ஒரு எவர்சில்வர் தூக்கு. அதிலும் பெயர் வெட்டியிருந்தது. விளக்கடியில் கொண்டுபோய்ப் படித்தால், எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஐயையோ, இது மாடி வீட்டு மாமியோடது. ரசம் கொடுத்தனுப்பினாங்க."

மாமி வீடு மாற்றிக்கொண்டு நங்கநல்லூர் போய் இருபது வருஷம் ஆகிறது. ஆஸ்திரேலியாக்காரர்களே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில், வெறும் தூக்காக எப்படிக் கொடுப்பது, உள்ளே என்ன போட்டுக் கொடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.