அதே லெகோ பொம்மை மறுபடியும் வருகிறதா? உங்கள் ராசியைத் திட்டாதீர்கள்!

[திரையில்: ஒரே முகத்தோடு வரிசையாக நிற்கும் நான்கு லெகோ பொம்மைகள்]

லெகோ மினிஃபிகர், அதாவது குட்டி மனிதப் பொம்மை. ஒரு வரிசையில் மொத்தம் 12 வகை. பெட்டிக்குள் எது இருக்கிறது என்று வெளியே தெரியாது. 12-ஐயும் சேர்க்க எத்தனை பெட்டி வாங்க வேண்டும்? வீடியோவை நிறுத்திவிட்டு ஓர் எண்ணை கமெண்டில் போடுங்கள். பார்க்காமல் போடணும், சரியா?

15? 20? கிடையாது. சராசரியாக 37!

வரலாறு சட்டென்று முடிந்துவிடும். இந்தக் குட்டி மனிதர்கள் பிறந்தது 1978-இல். என்ன வரும் என்று சொல்லாமல் உறையில் போட்டு விற்க ஆரம்பித்தது 2010-இல். உறையை விரலால் தடவியே உள்ளே இருப்பதைச் சொல்லும் கில்லாடிகள் இருந்தார்கள். 2023-இல் உறை போய் அட்டைப்பெட்டி வந்தது. அந்த வித்தையும் போச்சு.

இப்போது கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஓட்டிவிடாதீர்கள்.

[திரையில்: 12 கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புகின்றன]

எல்லா வகையும் சம அளவில் கடைகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் எது வந்தாலும் புதுசு. பாதி, அதாவது 6 வகை சேர, சராசரியாக 8 பெட்டி போதும். 'அட, சுலபமா இருக்கே' என்று தோன்றும். மீதி 6 வகைக்கு? 29 பெட்டி! கடைசி ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் சராசரியாக 12 பெட்டி. ஏனென்றால் அப்போது கையில் 11 வகை இருக்கிறது. திறக்கிற 12 பெட்டியில் 11 பழசாகத்தான் இருக்கும். ஆக 37 பெட்டி வாங்கினால் 25 பொம்மை டபுள். கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள்.

இதே தேடலில் இருக்கும் ஒரு நண்பரைக் கூட்டுச் சேர்த்தால்? தனித்தனியாக வாங்கினால் இருவருக்கும் 74 பெட்டி. ஒரே குவியலாகப் போட்டுப் பிரித்துக்கொண்டால் சுமார் 58. 16 பெட்டிப் பணம் மிச்சம்! அதனால் டபுளை வைத்து முதலில் செய்ய வேண்டியது பண்டமாற்று. அதுவும் ஆரம்பத்திலேயே. 11 வகை சேர்ந்த பிறகு பேரம் பேசப் போனால், எது வேண்டும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும், விலை ஏற்றிவிடுவார்.

விற்கலாமா? பிரிக்லிங்க் மாதிரியான இணையச் சந்தைகளில் தலை, தொப்பி, கேடயம் என்று தனித்தனியாகவே விற்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு டபுளுக்குத் தபால் செலவைக் கணக்குப் போட்டால், சிரித்துவிட்டுத் திரும்பவும் டப்பாவில் போட்டுவிடுவீர்கள்.

சிலர் வேண்டுமென்றே டபுள் வாங்குவார்கள். 2012-இல் ஆறாவது வரிசையில் வந்த ரோமானிய வீரர் ஒருவர் மட்டும் நின்றால் வழி தவறி வந்தவர் மாதிரி இருப்பார். இருபது பேரை நிறுத்துங்கள், படை!

படை சேர்க்க முடியாத டபுளா? கழற்றுங்கள். தலை, உடல், கால் மூன்றும் தனித்தனியாக வரும். 1978-இன் தலை இன்றைய உடலிலும் உட்காரும். 12 வகையின் தலை, உடல், கால்களை மாற்றி மாற்றிப் போட்டால் 1,728 விதம். முழு வரிசையைத் தொடாமல் டபுளை மட்டும் கலைக்கலாம். என்னைக் கேட்டால், விற்பதைவிட இதுதான் சுகம். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், கமெண்ட் திறந்தே இருக்கிறது.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: 2013-இல் வந்த தங்க நிற மிஸ்டர் கோல்ட். உலகம் முழுக்க 5,000 மட்டுமே. அவர் உங்களிடம் இரண்டாக இருந்தால் மாற்றாதீர்கள், கழற்றாதீர்கள். எனக்கு ஒன்றை அனுப்பிவிட்டு சப்ஸ்கிரைப் செய்துவிடுங்கள்!