மின் பெட்டிக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும்?

[காட்சி: விறாந்தையை அடுத்த அறை. சுவரில் டிபி பெட்டி, அதாவது வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி. அதன் கீழ்ப்பாதியை மறைத்தபடி நெல் மூட்டைகள்.]

வணக்கம். காலபோக அறுவடை முடிந்த பிறகு வன்னியின் பல கமக்கார வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். விற்றது போக மிஞ்சிய நெல்லும், அடுத்த விதைப்புக்கென்று எடுத்து வைத்த விதைநெல்லும் ஈரம் ஏறாத உட்சுவரோரம் அடுக்கப்படுகின்றன. வயரிங் செய்தவரும் அதே காரணத்துக்காக அதே சுவரைத் தேர்ந்துதான் மின் பெட்டியைப் பூட்டியிருப்பார். நல்ல சுவர் ஒன்றே இருக்கும் வீட்டில் நெல்லும் மின்சாரமும் அருகருகே வந்து நிற்பதில் வியப்பில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. புரட்டாதிக் கடைசியில், இடியோடு மழை பெய்த ஓர் இரவு, ட்ரிப் சுவிச் விழுந்தது. மாமா ரோச் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு மூட்டைகளின் மேல் முழங்காலூன்றி ஏறினார். மேலே நிறுத்தியிருந்த சாக்கொன்றில் இடித்துப் பெட்டியின் கதவு பாதிதான் திறந்தது. அந்த இடுக்குக்குள் விரலை நுழைத்து அவர் தடவிக்கொண்டிருக்கையில், காலடியில் ஒரு மூட்டை சரிந்தது. விழாமலிருக்க அவர் எட்டிப் பிடித்தது பெட்டியின் விளிம்பை. உள்மூடி கழன்று, கம்பி முனைகள் வெளியே தெரிந்த பெட்டி அது; அவருடைய கை அந்த முனைகளுக்கு இரண்டு விரற்கடை இப்பால் நின்றது. "அண்ணை, இறங்குங்கோ. முதல்ல மூட்டையை எடுப்பம்" என்றார் அம்மா.

[காட்சி: பெட்டியின் முன்புறத்திலிருந்து தரையில் நீட்டப்படும் அளவு நாடா.]

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு வருவோம். இலங்கையில் வயரிங் வேலை பெரும்பாலும் பிரித்தானியாவின் பி.எஸ். 7671 விதிகளை ஒட்டியே நடைபெறுகிறது. இயக்கவும், சோதிக்கவும், பழுது பார்க்கவும், பின்னர் மாற்றவும் போதிய இடம் இருக்க வேண்டும் என்று அது பொதுவாகக் கூறுகிறதே தவிர, வீட்டுப் பெட்டிக்கென்று அடிக்கணக்கு எதையும் விதிப்பதில்லை. அடிக்கணக்கை எழுதி வைத்திருப்பது அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவை, அதன் 110.26 ஆம் பிரிவு முழுவதும் இந்த வெற்றிடத்தைப் பற்றியதே. அது நம்மைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. ஆயினும் கையில் நாடாவோடு நிற்பவருக்கு ஓர் எண் தேவைப்படுகிறது என்பதால், அதை இரவல் வாங்குவதில் தவறில்லை என்பது என் கருத்து.

இரவல் வாங்கும்போது ஒரு பிழை நேர்வதுண்டு. "3 அடி போதும்" என்று இணையத்தில் பலர் சொல்கிறார்கள். அந்த 3 அடி, நிலத்துக்கும் மின் கம்பிக்கும் இடையில் 150 வோல்ற்றுக்கு மேற்படாத இணைப்புகளுக்குரியது. அமெரிக்க வீடுகளில் அது 120 வோல்ற்றுத்தான். நமக்கு 230 வோல்ற்று. நெல் ஆலையின் மூன்று கட்ட இணைப்பில் கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் 400 வோல்ற்று இருந்தாலும், நிலத்தைப் பொறுத்தவரை அங்கும் 230 தான். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அந்தப் பிரிவிலுள்ள அட்டவணையின் அடுத்த வரியை. அந்த வரியில் பெட்டிக்கு முன்னாலுள்ள இடத்தின் ஆழம் எவ்வளவு என்பது, வேலை செய்பவரின் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. காய்ந்த மரப்பலகைத் தட்டி போல நிலத்தோடு தொடர்பில்லாத ஒன்று இருந்தால் 3 அடி. கொங்கிறீற், செங்கல், ரைல்ஸ் சுவர் என்றால் மூன்றரை அடி, அதாவது ஏறத்தாழ 1.07 மீற்றர். எதிரே திறந்த மின் முனைகளுள்ள இன்னொரு பெட்டி இருந்தால் 4 அடி.

[காட்சி: பெட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவில் நிற்கும் ஒருவரின் வரைபடம்.]

முதுகுக்குப் பின்னாலுள்ள சுவர் கணக்கில் வருவது பலருக்குப் புதிதாக இருக்கும். சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர் நிலத்தோடு தொடர்புடையது. மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் அந்தத் தொடர்பு இன்னும் வலுக்கும். கை முன்னால் மின்முனையைத் தொட, திடுக்கிட்டுப் பின்வாங்கும் தோள் சுவரைத் தொட்டால், நெஞ்சின் ஊடாகவே மின்னோட்டத்துக்கு வழி திறந்து விடுகிறது. உடலின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ற்று 230 மில்லியம்பியரைச் செலுத்தும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் காப்பாற்றும் என்று சொல்லலாம். ஆனால் மீற்றரிலிருந்து வரும் கம்பி, மெயின் சுவிச்சுக்குள் நுழையும் இடத்தில், அதை நிறுத்திய பின்பும் மின்சாரத்தோடுதான் இருக்கிறது. அந்த முனையைத் தொட்டவரை அந்த ட்ரிப் சுவிச் அறியாது. முழங்கையைப் பின்னுக்கு இழுக்கவும், தள்ளாடினால் ஒரு காலடி பின்வைக்கவும் இடம் கேட்பது இதனால்தான்.

அகலம் 30 அங்குலத்துக்கோ பெட்டியின் அகலத்துக்கோ, எது கூடியதோ அதற்குக் குறையக் கூடாது. பெட்டி நடுவில் இருக்க வேண்டியதில்லை. உயரம் தரையிலிருந்து ஆறரை அடி. கதவு 90 பாகையாவது திறக்க வேண்டும். இந்த இடத்தைக் களஞ்சியமாகப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. "தற்காலிகமாகத்தானே" என்பது நம்முடைய பதில். விதைநெல்லின் தற்காலிகம் மாசியிலிருந்து புரட்டாதி வரை நீளுகிறது.

ஆலைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே பெட்டிக்கு முன்னால் குவிவது உமியும் தவிட்டுத் தூசும். தளர்ந்த முனையொன்றிலிருந்து தெறிக்கும் பொறிக்கு அவை நல்ல விறகு.

[காட்சி: தரையில் மஞ்சள் கோடு.]

அளவு நாடா இல்லாதவர்கள் இரண்டு முழமும் ஒரு சாணும் அளந்து கொள்ளலாம்; அது மூன்றரை அடியைச் சற்றுத் தாண்டும். நாங்கள் அப்படித்தான் அளந்து, மிஞ்சியிருந்த கதவுப் பெயின்றால் தரையில் கோடு போட்டோம். இந்தப் போகம் ஆறு மூட்டைகள் அறைக்குள் அடங்காமல் விறாந்தைக்குப் போயின. எலி வராமல் அவற்றின் அடியில் பலகை போட்டு உயர்த்த வேண்டியிருந்தது. அம்மா அதற்கு முணுமுணுத்தார். ஆனாலும் கோட்டுக்கு உள்ளே சாத்தி வைத்திருந்த தும்புத்தடியை எடுத்து வெளியே வைத்தவரும் அவரே.