ஒளி பட்டால் கொல்லும் மருந்து

அனைவருக்கும் வணக்கம். லேசர் என்றதுமே, கட்டியைச் சுட்டுப் பொசுக்குவார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். போட்டோடைனமிக் தெரபி என்பது மருந்தை உடம்பில் ஏற்றி, கட்டியின் மேல் ஒளி பாய்ச்சிச் செல்லைக் கொல்லும் சிகிச்சை. இதில் சுடுகிற வேலையே இல்லை. மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். ஒன்று குறைந்தாலும் செல் சாகாது.

1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகளை அக்ரிடின் என்ற வேதிப்பொருளின் கரைசலில் விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் சீக்கிரம் செத்தன. இருட்டில் வெகுநேரம் தாக்குப்பிடித்தன. எல்லாம் அங்கே தொடங்கியதுதான்.

இன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 1995-இல் அனுமதி பெற்ற மருந்து போர்ஃபைமர் சோடியம். உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், இரத்தக்குழாய் (சிரை) வழியாக மெதுவாக ஏற்றுவார்கள். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். ஏற்றியவுடன் ஒளி பாய்ச்சுவதில்லை. 40 முதல் 50 மணி நேரம் காத்திருப்பார்கள். மருந்து உடம்பெங்கும் பரவுகிறது. பெரும்பாலான திசுக்கள் அதை வெளியேற்றிவிடும், கட்டி பிடித்துவைத்துக்கொள்ளும். தோலும் கல்லீரலும் கட்டியைப் போலத்தான். தோல் தரும் தொல்லையைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து எண்டோஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழாய் வழியே, பக்கவாட்டில் ஒளி கசியும் மெல்லிய இழையைக் கட்டிக்கு நேராக நிறுத்துவார்கள். 630 நானோமீட்டர் சிவப்பு ஒளி. இழையின் ஒரு சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட், 12 நிமிடம் 30 விநாடி. 0.4 வாட்டை 750 விநாடியால் பெருக்குங்கள்: 300 ஜூல். அதுதான் அளவு.

ஏன் சிவப்பு? இந்த மருந்து 400 நானோமீட்டர் பக்கமுள்ள ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சும். ஆனால் இரத்தமும் அதையே உறிஞ்சிவிடும். ஒளி மேலோடு நின்றுபோகும். சிவப்பை மருந்து குறைவாகத்தான் எடுக்கிறது, ஆனாலும் அது சில மில்லிமீட்டர் ஆழம் போகும். அவ்வளவுதான். தடித்த கட்டிக்கும், உடம்பெங்கும் பரவிய நோய்க்கும் இது மருந்தல்ல. அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

ஒளியை வாங்கிய மருந்து மூலக்கூறு அந்த ஆற்றலைப் பக்கத்து ஆக்சிஜனிடம் கைமாற்றுகிறது. அது சிங்லெட் ஆக்சிஜன் என்ற, சட்டென்று வினைபுரியும் வடிவமாகி, கிட்டே இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாமல் அடங்கிவிடும். ஆகவே மருந்து செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் தங்கியிருந்தால் முதல் அடி மைட்டோகாண்ட்ரியாவுக்கு. கட்டிக்கு இரத்தம் தரும் நுண்குழாய்களும் அடைபடுகின்றன. அதிலும் ஒரு பங்கு செல்கள் சாகின்றன.

இனி, எங்கே தவறுகிறது? "நேரம் மிச்சம், வாட்டைக் கூட்டுவோமே" என்று தோன்றும். அடுப்பைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகும் என்கிற கணக்கு இங்கே செல்லாது. ஒளி கடுமையானால், இரத்தம் கொண்டுவருவதைவிட வேகமாக ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு பாயும் ஒளி வீண். இழையின் மேல் இரத்தம் படிந்தாலும் அளவு குறைந்துவிடும். உணவுக்குழாய்க் கட்டி ஏற்கெனவே மூச்சுக்குழாய் வரை துளைத்திருந்தால் இந்தச் சிகிச்சையே கூடாது. மூச்சுக்குழாயிலேயே தோன்றிய கட்டிக்குச் செய்தால், வீக்கமும் செத்த திசுவும் பாதையை அடைக்கும். இரண்டு மூன்று நாளில் மறுபடி பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் குழாய்) விட்டுக் கழிவை அகற்றியே ஆக வேண்டும்.

இப்போது தோலுக்கு வருவோம். குறைந்தது 30 நாள் வெயில் ஆகாது. சன்ஸ்கிரீன் பயன்படாது: அது தடுப்பது புற ஊதாக் கதிரை, மருந்தை எழுப்புவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம், தோலில் தங்கிய மருந்தைச் சிறுகச் சிறுகச் செயலிழக்கச் செய்யும். 30 நாள் கழித்துத் தோலில் ஒரு சிறு இடத்தை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டலாம். கண்ணைச் சுற்றிய தோலில் வேண்டாம். 24 மணி நேரத்தில் சிவப்போ, வீக்கமோ, கொப்புளமோ இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகலாம். வந்தால், இன்னும் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும்.