சந்தை போன பின்னும் சந்தையூர்: மிட்டன்வால்டின் கதை

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் பவேரிய மாநிலத்தில், ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடையே ‘மார்க்ட்’ என்று ஒரு படிநிலை இருக்கிறது. மார்க்ட் என்றால் சந்தை. சந்தை கூட்டும் உரிமையை ஆட்சியாளரிடமிருந்து பெற்ற ஊர் என்பது அச்சொல்லின் பழைய பொருள். சந்தை உரிமைக்கு இன்று நடைமுறையில் பெரிய மதிப்பு ஒன்றுமில்லை. ஆயினும் 380-க்கும் மேற்பட்ட பவேரிய ஊர்கள் அந்தப் பட்டத்தை விடாமல் வைத்திருக்கின்றன. 25,000 பேருக்கு மேல் வாழும் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன்கூட நகரம் என்று பெயர் மாற்றிக்கொள்ளாமல் சந்தையூராகவே இருந்து வருகிறது. அதற்கு அடுத்த பள்ளத்தாக்கில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 7,000 பேர் வாழும் மிட்டன்வால்ட் என்னும் சந்தையூரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அந்த ஊருக்குப் புகழ் தந்த பெருஞ்சந்தை 1679-ஆம் ஆண்டிலேயே அதைவிட்டுப் போய்விட்டது. பிழைப்பு போன பிறகு ஓர் ஊர் தன்னை எப்படி மீண்டும் கட்டிக்கொண்டது என்பதே என்னை அதன்பால் ஈர்த்தது.

மிட்டன்வால்ட் என்ற பெயருக்குக் காட்டின் நடுவே என்று பொருள். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில், கிழக்கே கார்வெண்டல் மலைத்தொடர் செங்குத்தான சுவர் போல் எழுந்து நிற்க, மேற்கே வெட்டர்ஸ்டைன் மலைகள் காவல் நிற்க, இரண்டுக்கும் நடுவே இசார் ஆறு தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. பயிர்த்தொழிலுக்கு இது ஏற்ற மண் அன்று. குளிர்காலம் நீண்டது, வயல் குறுகியது. ஆனால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குச் செல்வோருக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒரு வாசல். ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து பிரென்னர் கணவாய்க்குப் போன ரோமானியர் சாலையே இவ்வழியாகத்தான் சென்றது. மண் கொடுக்காததை வழி கொடுத்தது என்று சொல்லலாம்.

இந்த ஊர் நெடுங்காலம் பவேரியாவுக்கு உட்பட்டதாக இருக்கவில்லை. 1294-ஆம் ஆண்டு வெர்டன்ஃபெல்ஸ் என்னும் சிறு நாடு ஃபிரைசிங் நகரின் கத்தோலிக்க ஆயர்களின் கைக்கு வந்தது. 1803 வரை, அதாவது 500 ஆண்டுகளுக்கும் மேலாக, சமய குருவே அரசராகவும் இருந்து அதை ஆண்டார். தெற்கே டிரோல், வடக்கே பவேரியா என்ற இரு பெரும் அரசுகளுக்கு நடுவே, இரண்டுக்கும் அடங்காத ஒரு சிறு துண்டு நிலமாக அது இருந்தது. 1487-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நடுநிலையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் வெனிஸ் வணிகரும் ஜெர்மன் வணிகரும் கூடிச் சரக்கு மாற்றிக்கொள்ளும் பெருஞ்சந்தை, டிரோலின் தென்பகுதியிலுள்ள போட்சன் நகரில் நடந்து வந்தது. இன்று இத்தாலியில் போல்ட்சானோ என்று அழைக்கப்படும் நகரம் அதுவே. 1487-ஆம் ஆண்டு டிரோலின் ஆட்சியாளர் சிகிஸ்முண்டுக்கும் வெனிஸ் குடியரசுக்கும் போர் மூண்டது. சந்தைக்கு வந்திருந்த வெனிஸ் வணிகர்களைச் சிகிஸ்முண்ட் சிறைப்பிடித்து, அவர்களுடைய சரக்கையும் பறித்துக்கொண்டார். நம்பி வந்த வணிகரைச் சந்தையில் வைத்தே பிடித்த மண்ணுக்கு மறுபடி யார் போவார்கள்? வெனிஸ் வணிகர்கள் தங்கள் சந்தையைப் பிரென்னர் கணவாய்க்கு வடக்கே, டிரோலுக்கு வெளியே, மிட்டன்வால்டுக்கு மாற்றினார்கள். யாரோ இருவர் போட்ட சண்டையில், எதுவும் கேட்காத ஒரு மலையூருக்குச் செல்வம் வந்து சேர்ந்தது. அது அங்கே 192 ஆண்டுகள் தங்கியது.

தெற்கிலிருந்து பட்டும் பருத்தியும், கீழ்த்திசை நறுமணப் பொருள்களும், உலர்ந்த அத்தியும், ஒயினும் வந்தன. வடக்கிலிருந்து துணியும் உலோகப் பொருள்களும் வந்தன. இவற்றால் ஊரார் வாழ்ந்தது எப்படி என்பது கவனிக்கத் தக்கது. அவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள் அல்லர். ‘ரோட்’ என்ற பெயரில் இயங்கிய வண்டிக்காரர் கூட்டமைப்பே அவர்களுடைய வாழ்வாதாரம். வெளியூர் வண்டி எதுவும் சரக்கோடு ஊரைக் கடந்து நேராகப் போய்விட முடியாது. சரக்கை இங்கே இறக்க வேண்டும், பொதிக்கிடங்கில் வைக்க வேண்டும், அதற்கு வாடகை கட்ட வேண்டும், பின்னர் உள்ளூர் வண்டிக்காரர்கள் முறை வைத்து அடுத்த கட்டம் வரை ஏற்றிச் செல்வார்கள். வண்டியும் இழுவை மாடோ குதிரையோ வைத்திருந்த உழவருக்கு நிலத்தில் விளையாத வருமானம் இப்படிக் கிடைத்தது. கிடங்கு இருந்த தெரு இன்றும் பாலன்ஹவுஸ் சந்து, அதாவது பொதிவீட்டுச் சந்து, என்றே வழங்குகிறது.

நிலத்தில் வண்டி போலவே நீரில் தெப்பம். மலையில் வெட்டிய மரங்களைப் பிணைத்து, அவற்றின் மேல் சரக்கு ஏற்றி, இசாரில் மியூனிக் வரையிலும், அங்கிருந்து டான்யூப் வழியாக வியன்னா வரையிலும் தெப்பக்காரர்கள் கொண்டு சென்றார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் சரக்கோடு தெப்பத்தையும் பிரித்து மரமாக விற்றுவிட்டு, கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு கால்நடையாக ஊர் திரும்புவார்கள். சாலைகளும் இந்தச் சந்தைக்காகவே மேம்பட்டன. பவேரியக் கோமகன் நான்காம் ஆல்பிரெக்ட் ஆட்சியில், 1492-இல், கெசல்பெர்க் மலைமேல் புதுச்சாலை அமைக்கப்பட்டது. மியூனிக்கிலிருந்து மிட்டன்வால்டுக்கான வழி அதனால் குறுகியது. பின்னாளில், 1786 செப்டம்பர் 7-ஆம் நாள், இத்தாலிக்குப் புறப்பட்ட கவிஞர் கதே அந்த மலைச்சாலையில்தான் வந்து மிட்டன்வால்டில் இரவு தங்கினார். வழியில் யாழ் வாசிக்கும் ஒரு பெரியவரையும் அவருடைய பதினொரு வயது மகளையும் சந்தித்து, அந்தச் சிறுமியைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

முப்பதாண்டுப் போர் 1618-இல் தொடங்கியபோதே சரக்குப் போக்குவரத்து மெலியத் தொடங்கியது. போட்சன் வணிகர்களுக்கு டிரோலின் அப்போதைய ஆட்சியாளர் கிளாடியா தெ மெடிசி 1635-இல் புதிய உரிமைகளை வழங்கினார். வணிக வழக்குகளைத் தீர்க்கத் தனி மன்றமும் அங்கே அமைந்தது. இறுதியில் 1679-இல் வெனிஸ் வணிகர்கள் போட்சனுக்கே திரும்பினார்கள். வண்டிகள் நின்றன. கிடங்குகள் வெறுமையாயின. பிறர் சரக்கைச் சுமந்தே பழகிய ஊருக்குத் தன் சரக்கு என்று விற்க எதுவும் இல்லாமல் போயிற்று.

இங்கேதான் மத்தியாஸ் குளொட்ஸ் வருகிறார். 1653-இல் மிட்டன்வால்டில் ஒரு தையற்காரருக்குப் பிறந்தவர். இளமையிலேயே இத்தாலியின் பதுவா நகருக்குச் சென்று, லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்யும் பியெத்ரோ ரைலிஹ் பட்டறையில் வேலை செய்தார். ஆறாண்டுகள் தம்மிடம் பணியாற்றினார் என்று அந்த ஆசான் 1678-இல் கொடுத்த சான்று கிடைத்திருக்கிறது. குளொட்ஸ் இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்யும் மேதை அமாத்தியிடம் பயின்றார் என்றும், டிரோலின் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஸ்டைனரிடம் பயின்றார் என்றும் கதைகள் உண்டு. அவற்றுக்குச் சான்று இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் கதைகள் அவருக்குத் தேவையும் இல்லை. ஊர் வறுமையில் விழுந்துகொண்டிருந்த 1680-களில் அவர் திரும்பி வந்து பட்டறை போட்டார். பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். 1743-இல் அவர் மறைந்தபோது வயலின் செய்வது ஊர்த்தொழிலாகிவிட்டிருந்தது. அவர் மகன் செபாஸ்டியன், கலைத்திறத்தில் தந்தையை மிஞ்சியவர் என்று மதிக்கப்படுகிறார். சால்ஸ்பர்க்கில் மோட்சார்ட் வாசித்த கச்சேரி வயலின் இந்தக் குளொட்ஸ் குடும்பத்தாரின் கைவேலைதான்; அது இன்றும் அந்நகரின் மோட்சார்ட் அறநிறுவனத்தில் காக்கப்படுகிறது.

இந்தத் தொழில் இந்த ஊரில் வேர் பிடித்ததற்குக் காரணம் சுற்றிலும் நின்ற மரங்கள். வயலினின் மேல்பலகைக்கு வேண்டியது ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். உயரமான, குளிர்ந்த, மண்வளம் குறைந்த சரிவில் அது மெல்ல மெல்ல வளர்வதால், ஆண்டு வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கி, நேராக, சீராக அமைகின்றன. பயிருக்கு எந்தச் சூழல் பகையோ, வயலினுக்கு அதுவே துணை. அடிப்பலகைக்கும் பக்கங்களுக்கும் கழுத்துக்கும் மலை மேப்பிள். மரத்தை அறுக்காமல், நார் போகும் போக்கிலேயே ஆப்பு வைத்துப் பிளந்து, ஆண்டுக்கணக்கில் காற்றில் உலர விடுவார்கள். பிறகு உளியாலும், கட்டைவிரல் அளவே உள்ள குட்டி இழைப்புளிகளாலும் பலகையைக் குடைந்து, மேல்பலகையை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவருவார்கள். இடையிடையே விரல் நுனியால் பிடித்துத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார்கள். எவ்வளவு இழைத்தால் போதும் என்பதைக் கண்ணும் கையும் மட்டும் சொல்லிவிட முடியாது, காதும் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒட்டி, வார்னிஷ் பூசி, விரல்பலகையும் நரம்பை முறுக்கும் பிருடைகளும் பொருத்திய பிறகு, சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு ஸ்ப்ரூஸ் குச்சியை மேல்பலகையின் துளை வழியாக உள்ளே விட்டு, நரம்புகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் சிறு மரத்துண்டின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால் நிமிர்த்தி நிறுத்துவார்கள். அதை ஒட்டுவதில்லை, இரு பலகைகளின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வயலினின் குரல் மாறிவிடும். இத்தாலியர் அந்தக் குச்சியை ‘உயிர்’ என்றே அழைக்கிறார்கள்.

1890-இல் ஊர்க் கோயிலின் முன்னால் குளொட்ஸுக்குச் சிலை எடுத்தார்கள். அவர் அந்தப் பெருமைக்கு உரியவரே. ஆனால் 300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொழில் நிலைத்ததன் பெருமையை ஒருவர் தலையில் மட்டும் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தொடக்கத்தில் வயலின் செய்தவர்களே அவற்றை முதுகில் சுமந்து, சந்தைகளிலும் மடங்களிலும் விற்றார்கள். பின்னர் நொய்னர், பாடர் போன்ற வணிகக் குடும்பங்கள் அந்த வேலையை ஏற்று, இங்கிலாந்து, ரஷ்யா, அமெரிக்கா வரை அனுப்பின. விற்பனை பெருகியது, தொழில் துண்டுதுண்டானது. ஒரு வீட்டில் கழுத்து மட்டும் செதுக்கினார்கள், இன்னொரு வீட்டில் வயலினின் ஒலிப்பெட்டி மட்டும் செய்தார்கள், வார்னிஷ் பூசும் வேலை பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது. அடுப்படியிலும் சன்னலோரத்திலும் அமர்ந்து துண்டுக் கூலிக்கு உழைத்த அந்த மக்களின் பெயர் எந்த வயலினின் சீட்டிலும் ஒட்டப்படவில்லை. ஊரைத் தாங்கியவர்கள் அவர்களும்தான்.

துண்டு வேலையில் முழு வயலினைத் தொடங்கி முடிக்கத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். மலிவான போட்டியும் நெருக்கியது. 1858-இல் பவேரிய மன்னர் இரண்டாம் மாக்சிமிலியன் ஆதரவில் மிட்டன்வால்டில் வயலின் செய்யும் பள்ளி தொடங்கப்பட்டது. பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருந்த தொழில், குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்கும் பாடமாகத் திறந்தது. என் கணிப்பில், 1487-க்குப் பிறகு அந்த ஊரில் நடந்த மிகப் பெரிய நிகழ்ச்சி இதுவே. பள்ளி இன்றும் நடக்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் வந்து பயில்கிறார்கள். 1930-இல் தொடங்கிய வயலின் அருங்காட்சியகம் அதே பொதிவீட்டுச் சந்தில், ஊரின் மிகப் பழைய வீடுகளுள் ஒன்றில் இருக்கிறது. 1989 முதல் பன்னாட்டு வயலின் செய்வோர் போட்டியும் ஊரில் நடந்து வருகிறது.

ஊரின் தெருவில் நடப்பவரின் கண்ணில் முதலில் படுவது வீட்டுச் சுவர்கள். ஈரச் சுண்ணாம்பின் மேல் வண்ணம் தீட்டி, புனிதர்களையும் பொய்த் தூண்களையும் சன்னல் அலங்காரங்களையும் வரையும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியெங்கும் பரவியது. உள்ளூர் ஓவியர் ஃபிரான்ஸ் கார்னரின் கைவண்ணம் பல சுவர்களில் உண்டு. பேதுரு, பவுல் ஆலயத்தைக் கட்டியவர் யோசெஃப் ஷ்முட்சர். அதன் கூரை ஓவியங்கள் மத்தேயுஸ் குந்தருடையவை. கோபுரம்கூட ஓவியம் தாங்கி நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆனால் அதன் இருண்ட பகுதியை விட்டுவிட்டுச் சொல்ல மாட்டேன். 1912-இல் ரயில் பாதை வந்தது. முதலில் கார்மிஷ் பக்கமிருந்தும், சில மாதங்களில் இன்ஸ்புருக் வரையிலும். சரக்கு கடந்து சென்ற வழியில் இப்போது சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். நாஜி ஆட்சியில் ஊர், மலைப்படையின் பாசறை ஊராகியது. 1945 ஏப்ரல் இறுதியில், டாகாவ் வதைமுகாமிலிருந்து தெற்கு நோக்கி விரட்டப்பட்ட யூதக் கைதிகளில் ஒரு பகுதியினர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் குளிரில் நின்றார்கள். அமெரிக்கப் படை வந்த பிறகே அவர்களுக்கு விடுதலை. போருக்குப் பின், 1957-இல், ஊருக்கு மேலே பிரெண்டன் குன்றில் மலைப்படை வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அப்படையினர் 1943-இல் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவில் சரணடைந்த இத்தாலிய வீரர்களை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றதை முன்வைத்து, 2002 முதல் பல ஆண்டுகள் எதிர்ப்பாளர்கள் அங்கே நடந்த நினைவுக் கூட்டத்தின்போது ஊருக்கு வந்து கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இன்று ஊரின் வருமானத்தில் பெரும்பங்கு விருந்தினரால் வருகிறது. 1967 முதல் இயங்கும் கம்பிவட ஊர்தி, 2,244 மீட்டர் உயரத்துக்கு அவர்களைக் கொண்டு செல்கிறது. ஆனால் ஊருக்கும் அடுத்த கிராமமான குர்யூனுக்கும் இடையிலுள்ள மேட்டுப் புல்வெளிகளில் அதைவிட அரிய காட்சி ஒன்று இருக்கிறது. பனியுகத்தின் முடிவில் உருவான சிறு சிறு திட்டுகளும் குழிகளும் நிறைந்த தரை அது. பெரிய இயந்திரம் ஏறினால் சாய்ந்துவிடும். உரமிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் புல் அறுக்கிறார்கள். அதனால்தான் நீலப் பூக்களும் ஆர்க்கிட் பூக்களும் அங்கே பிழைத்திருக்கின்றன. முன்பு பல இடங்களில் இந்தத் திட்டுகளைச் சமன்செய்து அழித்தார்கள். எஞ்சியவற்றைக் காப்பவர்கள், வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓரிரு மாடோ சில ஆடோ வளர்க்கும் பகுதிநேர உழவர்கள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழக்கிழமை நண்பகல், கோயில் மணி பன்னிரண்டு அடிக்கும். ஊரின் இளைஞர்கள் பன்னிரண்டு பேர், மாதத்துக்கு ஒருவராக, மரத்தில் செதுக்கிய முகமூடி அணிந்து, தோல் கால்சட்டையின் மேல் இடுப்பில் பெரிய மாட்டுமணிகளைக் கட்டிக்கொண்டு, ஒரே தாளத்தில் துள்ளித் துள்ளித் தெருவில் இறங்குவார்கள். குளிர்காலத்தை விரட்டும் சடங்கு இது. முகமூடிகள் பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருபவை. முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவரும் குரலை மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வார். மணியோசை, வண்டிகள் நின்றிருந்த அதே தெரு வழியாக, ஓவியச் சுவர்களுக்கு நடுவே, குளொட்ஸின் சிலையைத் தாண்டிப் போகும்.